விண்டோஸ், மேக், உபுண்டு மூன்றிலும் ஒரே பைதான் புராஜெக்ட்: கோண்டாவை எப்படி நிறுவுவது?

நீங்கள் எழுதியதை நான் புரிந்துகொண்டபடி முதலில் சொல்லிவிடுகிறேன். அலுவலக லேப்டாப்பில் விண்டோஸ் 11, வீட்டில் எம்2 சிப் உள்ள மேக்புக், கடைசியில் வேலை ஓட வேண்டிய இடம் ஓர் உபுண்டு (லினக்ஸ்) சர்வர். செயற்கைக்கோள் படங்களைக் கையாளும் ஒரே பைதான் புராஜெக்ட் மூன்றிலும் ஓட வேண்டும், வரைபடத் தரவுக்கான ஜியோபாண்டாஸ், படங்களைப் படிக்கும் ராஸ்டரியோ என்ற நூலகங்கள் இரண்டும் தேவை. பைதானையும் அதன் பேக்கேஜ்களையும் நிறுவித் தரும் கருவிதான் கோண்டா. அதைக் கொண்டுவரும் அனகோண்டாவை விண்டோஸில் போட்டுவிட்டீர்கள், ஆனால் பவர்ஷெல்லில் கோண்டா என்று அடித்தால் அப்படி ஒரு கட்டளையே இல்லை என்கிறது. மேக்கில் டெர்மினலைத் திறக்கும்போதெல்லாம் வரியின் முன்னால் ‘பேஸ்’ என்று வந்து நிற்கிறது. சர்வரில் சூடோ போட்டு, அதாவது நிர்வாகி உரிமையோடு, நிறுவலாமா என்று கேட்கிறீர்கள். மூன்று கேள்விகள் மாதிரி தெரிந்தாலும் அடியில் இருப்பது ஒன்றுதான்: நான் பைதான் என்று அடிக்கும்போது எந்தப் பைதான் ஓடுகிறது, அதைத் தீர்மானிப்பது எது? இது பிடிபட்டுவிட்டால் நிறுவும் வேலை எந்தக் கணினியிலும் பத்து நிமிடத்துக்கு மேல் ஆகாது. பல வருடங்களாக ஆய்வகக் கணினிகளிலும் சர்வர்களிலும் இதைச் செய்து வருகிறேன். என்னிடம் வருகிற புகார்களில் பெரும்பாலானவை இன்ஸ்டாலர் கெட்டுப்போனதால் வருவதில்லை, நாம் அடிக்கும் கட்டளையை வாங்கி ஓட்டும் ஷெல் தவறான இடத்தில் தேடுவதால்தான் வருகின்றன.

ஷெல்லில் ஒரு கட்டளையை அடித்தால் அது ‘பாத்’ என்ற மாறியில் வரிசையாக எழுதியிருக்கும் ஃபோல்டர்களை ஒவ்வொன்றாகத் தேடி, முதலில் கிடைப்பதை ஓட்டும். அவ்வளவுதான். கோண்டாவில் ஒரு என்விரான்மென்ட்டை, அதாவது ஒரு புராஜெக்ட்டுக்கென்று பைதானும் பேக்கேஜ்களும் தனியாக இருக்கும் ஃபோல்டரை, ஆக்டிவேட் செய்யும்போது நடக்கும் முக்கியமான காரியம், அந்த என்விரான்மென்ட்டின் ஃபோல்டர் பாத்தின் முன்வரிசைக்கு வருவது. மேக், லினக்ஸில் ‘பின்’ என்ற ஒரே ஃபோல்டர் போதும். விண்டோஸில் அப்படி இல்லை, என்விரான்மென்ட்டின் வேர் ஃபோல்டர், அதற்குள் இருக்கும் ‘ஸ்கிரிப்ட்ஸ்’, ‘லைப்ரரி’க்குள் இருக்கும் ‘பின்’ என்று பல சேர வேண்டும், ஏனென்றால் டிஎல்எல் என்ற நூலகக் கோப்புகளையும் விண்டோஸ் இதே பாத் வழியாகத் தேடுகிறது. அதனால்தான் விண்டோஸில் ஆக்டிவேட் செய்யாமல் அந்த என்விரான்மென்ட்டின் பைதானை நேரடியாக ஓட்டினால் சிலசமயம் ‘டிஎல்எல் லோட் ஃபெயில்டு’ என்றோ எஸ்எஸ்எல் மாட்யூல் இல்லை என்றோ வரும். லினக்ஸில் இதே காரியம் பெரும்பாலும் பிரச்சினை இல்லாமல் ஓடிவிடும். ஆக்டிவேட் என்ற கட்டளை வேலை செய்ய ஷெல்லுக்குள்ளேயே ஒரு சின்ன ஃபங்ஷன் இருக்க வேண்டும். அதை ஷெல் திறக்கும்போதே படிக்கும் கோப்பில் எழுதி வைப்பதுதான் ‘கோண்டா இனிட்’. எந்த ஷெல் எந்தக் கோப்பைப் படிக்கிறது என்பது மூன்று இயங்குதளங்களிலும் வேறு வேறு. உங்கள் குழப்பம் முழுவதும் இங்கிருந்துதான் வருகிறது.

நிறுவுவதற்கு முன்னால் எதை நிறுவுவது என்று முடிவு செய்துகொள்ளுங்கள். கோண்டா என்பது கருவி. அனகோண்டா என்பது அந்தக் கருவியோடு நூற்றுக்கணக்கான பேக்கேஜ்களையும் சேர்த்துக் கட்டித் தரும் பெரிய மூட்டை, பல ஜிபி இடம் பிடிக்கும். மினிகோண்டா அதே அனகோண்டா நிறுவனம் தரும் சின்ன இன்ஸ்டாலர். மினிஃபோர்ஜ் என்பது கோண்டா-ஃபோர்ஜ் என்ற தன்னார்வலர் சமூகம் தருவது, அதுவும் சின்னதுதான், ஆனால் பேக்கேஜ்களைக் கோண்டா-ஃபோர்ஜ் சேனலிலிருந்து, அதாவது அந்தச் சமூகத்தின் இணையக் களஞ்சியத்திலிருந்து, எடுக்கும். இந்த வித்தியாசம் அலுவலகத்தில் முக்கியம். 2020 முதல் அனகோண்டா நிறுவனம் தன் இயல்புச் சேனலை 200 பேருக்கு மேல் வேலை செய்யும் நிறுவனங்கள் வணிகரீதியாகப் பயன்படுத்தக் கட்டணம் கேட்கிறது. பலர் நினைப்பது போல அது பெரிய அனகோண்டாவுக்கு மட்டுமான விதி இல்லை, மினிகோண்டாவும் அதே சேனலிலிருந்துதான் எடுக்கிறது. உங்கள் நிறுவனம் இதற்குள் வருமா என்று நான் இங்கிருந்து சொல்ல முடியாது, அதை அலுவலகத்தில்தான் கேட்க வேண்டும். ஆனால் மினிஃபோர்ஜ் போட்டால் அந்தக் கேள்வியே எழாது, அதனால் என் பரிந்துரை மூன்று கணினியிலும் மினிஃபோர்ஜ். பழைய வழிகாட்டிகளில் மாம்பாஃபோர்ஜ் என்று பார்த்தால் தேடிப் போக வேண்டாம், அது நிறுத்தப்பட்டு மினிஃபோர்ஜோடு சேர்ந்துவிட்டது. கோண்டா மெதுவாக இருக்கும் என்ற பழைய புகாரும் இப்போது பெரிதாகப் பொருந்தாது, 2023-இல் வந்த 23.10 பதிப்பிலிருந்து பொருந்தும் பதிப்புகளைத் தேடிப் பிடிக்கும் வேலைக்கு வேகமான லிப்மாம்பா சால்வர்தான் இயல்பாக வருகிறது.

கோண்டாவே வேண்டுமா என்றும் ஒருமுறை யோசித்தேன். உங்கள் புராஜெக்ட் வெறும் பைதான் பேக்கேஜ்களோடு நின்றிருந்தால், 2024 பிப்ரவரியில் ஆஸ்ட்ரல் நிறுவனம் வெளியிட்ட ‘யூவி’ என்ற பேக்கேஜ் கருவியை எடுத்துக்கொள்ளுங்கள் என்று தயங்காமல் சொல்லியிருப்பேன். மூன்று தளத்திலும் ஒரே மாதிரி ஓடும், பைதானையும் தானே இறக்கிக்கொள்ளும், வேகமும் அதிகம். பல பைதான் பதிப்புகளை நிறுவி மாற்றிக்கொள்ள உதவும் ‘பைஎன்வ்’ பற்றியும் கேட்டிருந்தீர்கள். அது ரூபிக்கான ‘ஆர்பிஎன்வ்’விலிருந்து பிரிந்து வந்தது, பைதானை மூல நிரலிலிருந்து அங்கேயே கட்டும். அதனால் உபுண்டுவில் ஓபன்எஸ்எஸ்எல், எஸ்க்யூலைட், பிசிப்2 போன்றவற்றின் ‘டெவ்’ பேக்கேஜ்களை முன்கூட்டியே போடாவிட்டால் நிறுவலே தோற்கும், அல்லது முடிந்த மாதிரி காட்டிவிட்டு உள்ளே எஸ்க்யூலைட் மாட்யூல் இல்லாத பைதான் கிடைக்கும். விண்டோஸில் அது நேரடியாக ஓடாது, ‘பைஎன்வ்-வின்’ என்பது தனிப் புராஜெக்ட். உங்களுக்கு ராஸ்டரியோ வேண்டும், அதன் அடியில் ஜிடால் என்ற பெரிய சி++ நூலகம் இருக்கிறது, அதற்கும் கீழே ப்ரோஜ், ஜியோஸ் எல்லாம் இருக்கின்றன. இவை ஒன்றுக்கொன்று பொருந்தும் பதிப்புகளாகச் சேர்ந்து வர வேண்டும். பைதானின் வழக்கமான நிறுவியான பிப் வழியாக வரும் வீல்களிலும், அதாவது முன்பே கட்டிய பேக்கேஜ்களிலும், ஜிடால் உள்ளே அடைத்து வரும், எளிய தேவைக்கு அது போதும். ஆனால் ஜிடாலின் கட்டளைக் கருவிகளும் அதே பதிப்பில் வேண்டும், இன்னொரு நூலகமும் அதே ஜிடாலைப் பகிர வேண்டும் என்று வந்தால் கோண்டாதான் நிம்மதி. இந்த வேலைக்கு நான் கோண்டாவையே எடுப்பேன்.

இப்போது விண்டோஸ். இதில்தான் கொஞ்சம் நேரம் எடுத்துச் சொல்ல வேண்டியிருக்கிறது. ஏற்கெனவே அனகோண்டா இருக்கிறது, அதை முதலில் ஒழுங்காக எடுங்கள். ஸ்டார்ட் மெனுவில் அனகோண்டா பிராம்ப்ட்டைத் திறந்து, உள்ளே ஏதாவது என்விரான்மென்ட் உருவாக்கியிருந்தால் அதன் பேக்கேஜ் பட்டியலை ஒரு கோப்பில் எடுத்து வைத்துக்கொண்டு, பிறகு ‘கோண்டா இனிட் --ரிவர்ஸ் --ஆல்’ ஓட்டுங்கள். (கட்டளைகளை உச்சரிப்புப்படி எழுதுகிறேன், அடிக்கும்போது ஆங்கில எழுத்தில் அடியுங்கள்.) அதற்குப் பிறகுதான் அன்இன்ஸ்டால். இந்த வரிசை முக்கியம். கோண்டா இனிட் பழைய கமாண்ட் பிராம்ப்ட்டுக்காக ரெஜிஸ்ட்ரியில் ‘ஆட்டோரன்’ என்று ஒரு பதிவு போடும், அதை அகற்றாமல் ஃபோல்டரை மட்டும் அழித்தால், அப்புறம் கமாண்ட் பிராம்ப்ட் திறக்கும்போதெல்லாம் குறிப்பிட்ட பாதை இல்லை என்று ஒரு வரி வந்துகொண்டே இருக்கும். ஏன் வருகிறது என்று யாருக்கும் தெரியாது.

மினிஃபோர்ஜ் இன்ஸ்டாலரில் ‘ஜஸ்ட் மீ’ என்பதைத் தேர்ந்தெடுங்கள், அட்மின் உரிமை தேவைப்படாது. நிறுவும் ஃபோல்டரின் பாதையில் இடைவெளியோ ஆங்கிலம் அல்லாத எழுத்தோ இருக்கக் கூடாது. விண்டோஸ் பயனர் பெயரைத் தமிழில் வைத்திருப்பவர்களும், முதல் பெயருக்கும் இனிஷியலுக்கும் நடுவில் இடைவெளி விட்டிருப்பவர்களும் இங்கேதான் மாட்டுவார்கள், ஏனென்றால் இயல்பான இடம் அந்தப் பெயருள்ள ஃபோல்டருக்குள் இருக்கிறது. அப்படியென்றால் சி டிரைவின் வேரில் நேரடியாக மினிஃபோர்ஜ்3 என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒன்டிரைவ் ஒத்திசைக்கும் ஃபோல்டருக்குள் மட்டும் வைக்காதீர்கள், ஒரு என்விரான்மென்ட்டில் ஆயிரக்கணக்கான சின்னக் கோப்புகள் இருக்கும், ஒன்டிரைவ் அதை மேலே ஏற்றத் தொடங்கினால் இரண்டுமே நகராது. பாத்தில் சேர்க்கவா என்று இன்ஸ்டாலர் கேட்கும், வேண்டாம் என்று விடுங்கள். சேர்த்தால் வசதியாகத் தோன்றும், ஆனால் வேறு மென்பொருள்கள் தங்களுக்கென்று வைத்திருக்கும் டிஎல்எல்களோடு கோண்டாவின் டிஎல்எல்கள் மோதும்.

பாத்தில் சேர்க்காததால்தான் பவர்ஷெல் உங்களுக்குக் கோண்டா தெரியாது என்றது, அது கோளாறு இல்லை, அப்படித்தான் வடிவமைத்திருக்கிறார்கள். ஸ்டார்ட் மெனுவில் மினிஃபோர்ஜ் பிராம்ப்ட் வந்திருக்கும், அதிலேயே வேலை செய்யலாம். பவர்ஷெல்தான் வேண்டும் என்றால் அந்தப் பிராம்ப்ட்டில் ‘கோண்டா இனிட் பவர்ஷெல்’ ஓட்டிவிட்டு பவர்ஷெல்லை மூடித் திறங்கள். சிவப்பு எழுத்தில் ஸ்கிரிப்ட் ஓட்ட அனுமதி இல்லை என்று வந்தால், விண்டோஸ் இயல்பாகவே பவர்ஷெல் ஸ்கிரிப்ட்களைத் தடுத்து வைத்திருக்கிறது என்று பொருள். ‘செட்-எக்ஸிகியூஷன்பாலிசி ரிமோட்சைன்டு -ஸ்கோப் கரண்ட்யூசர்’ என்று ஒருமுறை கொடுத்தால் உங்கள் கணக்குக்கு மட்டும் திறக்கும். அலுவலக லேப்டாப்பில் நிர்வாகிகள் குரூப் பாலிசி வழியாகப் பூட்டியிருந்தால் இது பலிக்காது, ‘கெட்-எக்ஸிகியூஷன்பாலிசி -லிஸ்ட்’ கொடுத்தால் யார் பூட்டியது என்று காட்டும், அப்போது மினிஃபோர்ஜ் பிராம்ப்ட்டோடு நிறுத்திக்கொள்ளுங்கள், வேலைக்கு ஒரு குறையும் வராது. இன்னொன்று, விண்டோஸோடு வரும் பவர்ஷெல் 5.1-உம் தனியாக நிறுவும் பவர்ஷெல் 7-உம் வெவ்வேறு ப்ரொஃபைல் கோப்புகளைப் படிக்கின்றன. ஒன்றில் வேலை செய்து மற்றதில் செய்யாவிட்டால் இனிட்டை மறுபடி ஓட்டுங்கள்.

எந்தப் பைதான் ஓடுகிறது என்று பார்க்க ‘வேர்.எக்ஸி பைதான்’ என்று அடியுங்கள், ‘.எக்ஸி’யை விட்டுவிடாதீர்கள், பவர்ஷெல்லில் வெறும் ‘வேர்’ என்பது வேறு கட்டளையின் சுருக்கப் பெயர், ஒன்றும் சொல்லாமல் போய்விடும். பட்டியலில் ‘விண்டோஸ்ஆப்ஸ்’ என்ற பாதை முதலில் வந்தால் அது உண்மையான பைதானாக இல்லாமல் இருக்கலாம். பைதான் என்று அடித்தால் மைக்ரோசாஃப்ட் ஸ்டோரைத் திறந்து காட்டும் ஒரு குறுக்குவழியை விண்டோஸே வைத்திருக்கிறது. செட்டிங்ஸில் ‘ஆப் எக்ஸிகியூஷன் அலையஸஸ்’ என்று தேடி, பைதான் பெயரில் இருப்பவற்றை அணைத்துவிடுங்கள்.

நிறுவன நெட்வொர்க்கில் பேக்கேஜ் இறக்கும்போது எஸ்எஸ்எல் சரிபார்ப்புப் பிழை வர வாய்ப்பிருக்கிறது. இணையத்தில் தேடினால் எஸ்எஸ்எல் சரிபார்ப்பையே அணைத்துவிடச் சொல்லும் பதில்கள் நிறைய வரும். தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள், இறக்குவது நிரல், அது யாரிடமிருந்து வருகிறது என்று தெரியாமல் உங்கள் கணினியில் ஓட்டுவது ஆபத்து. உங்கள் ஐடி பிரிவிடம் நிறுவனத்தின் சான்றிதழ்க் கோப்பைக் கேட்டு வாங்கி, கோண்டாவின் ‘எஸ்எஸ்எல்_வெரிஃபை’ அமைப்பில் அதன் பாதையைக் கொடுங்கள். இதுதான் முறையான வழி.

அலுவலகம் அனுமதித்தால் விண்டோஸுக்குள்ளேயே லினக்ஸை ஓட்டும் டபிள்யூஎஸ்எல் போட்டு அதில் உபுண்டு வைத்துக்கொள்வது இன்னும் நல்லது. சர்வரும் உபுண்டு என்பதால், லேப்டாப்பில் ஓடியது அங்கேயும் ஓடும் வாய்ப்பு பெரிதும் கூடும். அதை நிறுவ அட்மின் உரிமை வேண்டும். ஒன்றை மட்டும் நினைவில் வையுங்கள், டபிள்யூஎஸ்எல்லுக்குள் இருக்கும் கோண்டா வேறு, விண்டோஸில் இருக்கும் கோண்டா வேறு, ஒன்றின் என்விரான்மென்ட்டை மற்றது பயன்படுத்த முடியாது. புராஜெக்ட் கோப்புகளையும் லினக்ஸ் பக்கத்து ஹோம் ஃபோல்டரில் வையுங்கள், சி டிரைவில் வைத்து அங்கிருந்து படித்தால் பொறுமை போய்விடும்.

மேக்கில் வேலை குறைவு. முதலில் டெர்மினலில் ‘யூநேம் -எம்’ அடியுங்கள். எம்2 என்பதால் ‘ஆர்ம்64’ என்று வர வேண்டும். ‘எக்ஸ்86_64’ என்று வந்தால் உங்கள் டெர்மினல் ரொசெட்டாவுக்குள், அதாவது பழைய இன்டெல் சிப்புக்கான மொழிபெயர்ப்பு அடுக்குக்குள் ஓடுகிறது. பழைய இன்டெல் மேக்கிலிருந்து மைக்ரேஷன் அசிஸ்டன்ட் வழியாக எல்லாவற்றையும் கொண்டு வந்தவர்களுக்குப் பழைய கோண்டாவும் கூடவே வந்து ஒட்டிக்கொள்ளும், அதுவும் ஓடும், மெதுவாக ஓடும், அதனால் யாரும் கவனிப்பதில்லை. ‘கோண்டா இன்ஃபோ’ கொடுத்துப் பிளாட்ஃபார்ம் என்ற வரியைப் பாருங்கள், ‘ஓஎஸ்எக்ஸ்-ஆர்ம்64’ இருந்தால் சரி. இல்லாவிட்டால் பழையதை எடுத்துவிட்டு ஆர்ம்64 மினிஃபோர்ஜ் ஸ்கிரிப்டை இறக்கி ‘பாஷ்’ ஷெல் கொண்டு ஓட்டுங்கள், ஹோம் ஃபோல்டருக்குள் நிறுவும், பாஸ்வேர்டு கேட்காது.

2019-இல் வந்த கேட்டலினாவிலிருந்து மேக்கின் இயல்பு ஷெல் பாஷ் இல்லை, இசட்எஸ்எச். பழைய வழிகாட்டிகள் பாஷ் ப்ரொஃபைலைத் திருத்தச் சொல்லும், நீங்கள் திருத்துவீர்கள், ஒன்றும் நடக்காது, ஏனென்றால் அந்தக் கோப்பை இசட்எஸ்எச் படிப்பதே இல்லை. கையால் எதையும் எழுத வேண்டாம், ‘கோண்டா இனிட் இசட்எஸ்எச்’ கொடுத்தால் சரியான கோப்பில் அதுவே எழுதிக்கொள்ளும். உங்களைத் தொந்தரவு செய்யும் அந்த ‘பேஸ்’ இதனால்தான் வருகிறது. ‘கோண்டா கான்ஃபிக் --செட் ஆட்டோ_ஆக்டிவேட்_பேஸ் ஃபால்ஸ்’ கொடுத்துவிட்டால் நின்றுவிடும், தேவைப்படும்போது மட்டும் நீங்களே ஆக்டிவேட் செய்துகொள்ளலாம். இதை நான் எல்லாக் கணினியிலும் முதல் வேலையாகச் செய்வேன். பேஸ் என்பது கோண்டா தான் குடியிருக்கும் வீடு, அதில் உங்கள் பேக்கேஜ்களை நிறுவினால் ஒருநாள் கோண்டாவையே புதுப்பிக்க முடியாமல் போகும்.

சர்வருக்கு வருவோம். சூடோ வேண்டாம். உபுண்டுவின் பைதான் உங்களுக்காக வைத்தது இல்லை, இயங்குதளத்தின் பல கருவிகள் அதை நம்பி ஓடுகின்றன, அதை மாற்றினாலோ அதற்குள் பேக்கேஜ்களைத் திணித்தாலோ உபுண்டுவின் பேக்கேஜ் நிறுவியான ஆப்ட்டின் துணைக்கருவிகளே உடையும். 23.04 முதல் உபுண்டுவே பிப்பைத் தடுக்கத் தொடங்கியிருப்பதும் இதற்காகத்தான், ‘எக்ஸ்டர்னலி மேனேஜ்டு’ என்று வரும் பிழை அதுதான். அதை மீறச் சொல்லும் ‘பிரேக் சிஸ்டம் பேக்கேஜஸ்’ என்ற ஆப்ஷன் பெயரிலேயே எச்சரிக்கிறது. சூடோ போட்டு மினிஃபோர்ஜ் நிறுவினால் கோப்புகள் ரூட்டுக்குச் சொந்தமாகிவிடும், அடுத்த முறை நீங்கள் சாதாரணப் பயனராக ஒரு பேக்கேஜ் போட முயன்றால் அனுமதி இல்லை என்று நிற்கும், அதற்கும் சூடோ போடுவீர்கள், அப்படியே சிக்கல் வளரும். உங்கள் ஹோம் ஃபோல்டரில் நிறுவுங்கள். சர்வர் சிப் எது என்று நீங்கள் சொல்லவில்லை, பெரும்பாலும் எக்ஸ்86_64 ஆக இருக்கும், ஆனால் கிளவுடில் ஆர்ம் சர்வர்களும் சகஜம், அங்கேயும் யூநேம் பார்த்துவிட்டு அதற்குரிய இன்ஸ்டாலரை எடுங்கள். இறக்கியதும், கோப்பு மாறாமல் வந்ததா என்று பார்க்க ‘ஷா256சம்’ கொடுத்து, வெளியீட்டுப் பக்கத்தில் இருக்கும் எண்ணோடு ஒப்பிடுங்கள்.

இரவில் தானாக ஓட வேண்டும் என்று எழுதியிருக்கிறீர்கள், அதாவது குறித்த நேரத்தில் கட்டளைகளைத் தானாக ஓட்டும் கிரான். கையால் ஓட்டினால் ஓடும், கிரானில் கோண்டா இல்லை என்று வரும். காரணம் முன்பு சொன்னதேதான். கோண்டா இனிட் எழுதுவது பாஷ்ஆர்சி கோப்பில், கிரான் அதைப் படிப்பதில்லை, உபுண்டுவின் பாஷ்ஆர்சியே ஷெல்லில் ஆள் உட்கார்ந்து அடிக்கவில்லை என்றால் ஆரம்ப வரிகளிலேயே திரும்பிவிடும்படி எழுதப்பட்டிருக்கிறது. அதனால் கிரானில் ஆக்டிவேட் செய்ய முயலாமல், மினிஃபோர்ஜின் பின் ஃபோல்டரில் இருக்கும் கோண்டாவை முழுப் பாதையோடு அழைத்து, ‘ரன் -என்’, என்விரான்மென்ட் பெயர், பிறகு பைதான், அடுத்து உங்கள் ஸ்கிரிப்ட் என்று கொடுங்கள். என்விரான்மென்ட்டின் பைதானை முழுப் பாதையோடு நேரடியாக அழைத்தாலும் லினக்ஸில் பெரும்பாலும் ஓடும். ஆனால் ஜிடால், ப்ரோஜ் இரண்டும் தங்கள் தரவுக் கோப்புகள் எங்கே என்று ஆக்டிவேட் செய்யும்போது அமையும் மாறிகள் வழியாகத் தெரிந்துகொள்ளக்கூடியவை, ஆகவே உங்கள் புராஜெக்ட்டுக்குக் ‘கோண்டா ரன்’ பாதுகாப்பானது.

கடைசியாக, மூன்றையும் ஒன்றாக வைத்திருப்பது. ஒரு கணினியில் உருவாக்கிய என்விரான்மென்ட் ஃபோல்டரை இன்னொன்றுக்கு நகலெடுக்காதீர்கள், உள்ளே முழுப் பாதைகள் பதிந்திருக்கும், அதே கணினியில் வேறு இடத்துக்கு நகர்த்தினாலே உடையும். ‘கோண்டா என்வ் எக்ஸ்போர்ட்’ அப்படியே கொடுத்து எடுத்த கோப்பும் வேறு தளத்தில் பெரும்பாலும் தோற்கும், அதில் ஒவ்வொரு பேக்கேஜின் பில்டு குறியீடும் இருக்கும், விண்டோஸுக்கு மட்டுமே உரிய பேக்கேஜ்களும் இருக்கும், அவை உபுண்டுவில் கிடைக்கவே கிடைக்காது. ‘--ஃப்ரம்-ஹிஸ்டரி’ சேர்த்தால் நீங்களாகக் கேட்டவை மட்டும் வரும், ஆனால் பிப் வழியாகப் போட்டவை விட்டுப்போகும். என் பழக்கம், என்விரான்மென்ட்டில் என்னென்ன வேண்டும் என்று பட்டியலிடும் அந்த ஒய்எம்எல் கோப்பைக் கையாலேயே எழுதுவது: சேனல் கோண்டா-ஃபோர்ஜ், பைதான் 3.12, ஜியோபாண்டாஸ், ராஸ்டரியோ, வேண்டிய மற்றவை, அவ்வளவுதான். அதை, கோப்புகளின் மாற்றங்களைப் பதிந்து வைக்கும் ‘கிட்’ கருவியில் வைத்து, மூன்று இடத்திலும் அதிலிருந்தே என்விரான்மென்ட்டை உருவாக்குங்கள். புதிதாக ஒன்று தேவைப்பட்டால் முதலில் கோப்பில் எழுதுங்கள், பிறகு அதிலிருந்து அப்டேட் செய்யுங்கள். கோண்டாவில் கிடைக்காததை மட்டும் பிப்பில் போடுங்கள், அதுவும் கோண்டா வேலை எல்லாம் முடிந்த பிறகு, என்விரான்மென்ட்டை ஆக்டிவேட் செய்துவிட்டு ‘பைதான் -எம் பிப்’ என்ற வடிவத்தில். பதிப்புகள் கடைசி எண் வரை மூன்றிலும் ஒன்றாக இருக்க வேண்டும் என்றால் கோண்டா-லாக் என்ற கருவி இருக்கிறது, ஒவ்வொரு தளத்துக்கும் தனித்தனிப் பட்டியல் எடுத்துத் தரும். உங்கள் அளவுக்கு இப்போது அது தேவைப்படாது என்றுதான் நினைக்கிறேன், முடிவுகளை வெளியிடும் கட்டம் வரும்போது யோசியுங்கள்.

இதற்குப் பிறகும் எங்காவது நின்றால், அந்தக் கணினியில் கோண்டா இன்ஃபோ என்ன சொல்கிறது, பைதான் எங்கெங்கே இருக்கிறது என்று விண்டோஸில் வேர்.எக்ஸியும் மற்றவற்றில் ‘டைப் -ஏ பைதான்’-உம் என்ன காட்டுகின்றன, பிழைச் செய்தி முழுவதும் என்ன, இவற்றைப் படமாக இல்லாமல் எழுத்தாக இங்கேயே ஒட்டுங்கள். பயனர் பெயரும் நிறுவனத்தின் ப்ராக்ஸி முகவரியும் அதில் தெரியும், அவற்றை மட்டும் அழித்துவிட்டுப் போடுங்கள்.